துவக்கின் அளவா, சன்னத்தின் வேலையா? ஆபிரிக்க வேட்டையின் ஒரு வரலாறு

1900ஆம் ஆண்டு தியத்தலாவையில் ஒரு பெரிய கைதி முகாம் எழும்பியது. தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர்கள் சுமார் 5,000 பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கல்பிரெக்ட். போர் முடிந்த பிறகும் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து இங்கேயே தங்கிவிட்டவர். 1908இல் யால காட்டின் முதல் காவலராக நியமிக்கப்பட்டவரும் அவர்தான். இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் போயர்கள் பிடிபடுமுன் தோளில் கொழுவியிருந்த துவக்கைப் பற்றி நாம் பேசியதில்லை.

அது ஜேர்மனியின் மவுசர். சன்னத்தின் விட்டம் 7 மில்லிமீற்றர், நிறை 11 கிராம் சொச்சம். ட்ரான்ஸ்வால் அரசு போருக்கு முன்பே சுமார் 37,000 மவுசர்களை வாங்கியிருந்தது. போருக்கு வாங்கிய அதே அளவுதான் பின்னர் ஆபிரிக்கப் புல்வெளிகளில் இம்பாலா, கூடு, வில்டபீஸ்ட் போன்ற விலங்குகளை வேட்டையாடுவோரின் விருப்பத் தெரிவானது. பென்சில் மொத்தமுள்ள சன்னம் எப்படி 250 கிலோ விலங்கை விழுத்துகிறது? இதற்குப் பதில் தேட நாம் ஐம்பது வருடம் பின்னே போக வேண்டும்.

ஊரில் "பன்னிரண்டு போர்" துவக்கு என்கிறோமே, அந்த 12 எங்கிருந்து வந்தது? ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும். ஆகவே எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். 4 போர் என்றால் கால் இறாத்தல் ஈயம், அதாவது சுமார் 113 கிராம். கறுப்பு வெடிமருந்தால் சன்னத்தை செக்கனுக்கு ஏறத்தாழ 450 மீற்றருக்கு மேல் ஓட்டுவது கடினம். வேகத்தைக் கூட்ட முடியாதபோது நிறையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

நுவரெலியாவில் பண்ணை அமைத்து நம் யானைகளையும் மரைகளையும் சுட்டுத்தள்ளிய சாமுவேல் பேக்கர், 1855இல் இங்கிருந்து புறப்பட்டு சில வருடங்களில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்கா போனார். அவர் கொண்டுபோன ஒரு துவக்கு அரை இறாத்தல் குண்டைச் சுடும். அவருக்கு அதன் பெயர் "பேபி". உடன் வந்த அரபிகளுக்கு அது "பீரங்கியின் பிள்ளை". சுட்டால் சுட்டவரையே சுழற்றிவிடுமாம், அதைத் தொடவே பேக்கர் பயந்தார். 1870களில் 4 போர் துவக்கோடு யானை வேட்டையாடிய பிரெடரிக் செலூஸும், அதன் உதைப்பு தன் நரம்புகளைக் கெடுத்துவிட்டதென்று பின்னாளில் நொந்துகொண்டார்.

1884இல் பிரான்சில் போல் வியேய் புகையில்லா வெடிமருந்தைச் செய்தார். வேகம் செக்கனுக்கு 600, 700 மீற்றர் என்று ஏறியது. அந்த வேகத்துக்கு வெறும் ஈயம் தாக்குப்பிடிக்கவில்லை. குழலுக்குள்ளேயே உரசி ஒட்டிக்கொண்டது. அதனால் ஈயத்தின் மேல் கடினமான உலோக உறை போட்டார்கள். இங்கேதான் புதுச் சிக்கல் முளைத்தது. முழுதாக உறையிட்ட சன்னம் உடலுக்குள் விரியாது. ஊசி போலப் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். நுரையீரலில் துளையோடு ஓடும் மான், எங்கோ புதருக்குள் மணிக்கணக்காகக் கிடந்து சாகும். அறுக்குமுன் கத்தியைத் தீட்டச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இந்தக் கவலை புரியும்.

தீர்வு எளிமையானது. மூக்கில் மட்டும் உறையை நீக்கி ஈயத்தைத் திறந்துவிட்டால், சன்னம் பட்டதும் காளான் போல விரியும். காயம் பெரிதாகும், விலங்கு விரைவில் விழும். ஆனால் இந்த யோசனையை மனிதர் மேலும் பிரயோகித்தார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் 1890களில் பிரித்தானியர் செய்த இத்தகைய சன்னங்களால்தான் "டம்டம்" என்ற பெயரே வந்தது. 1899 ஹேக் மாநாடு விரியும் சன்னங்களைப் போரில் தடை செய்தது. பிரித்தானியா 1907 வரை அதில் சேரவில்லை. ஆக, போர்க்களத்தில் கொடுமையென்று விலக்கப்பட்டதே வேட்டைக்களத்தில் இரக்கமானது. முரண்தான், ஆனால் இரண்டுமே சரி: ஒன்றில் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது, மற்றதில் உயிரை உடனே முடிப்பது.

இந்த இடத்தில் "கரமோஜோ" பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரரை இழுத்துவராமல் இருக்கமாட்டார்கள். 1,000க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர், பெரும்பாலும் அதே 7 மில்லிமீற்றர் சன்னத்தால். "பார்த்தீர்களா, சிறியதே போதும்" என்பார்கள். நமக்கு இது அரைகுறை வாசிப்பாகவே படுகிறது. பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர். எலும்பைத் துளைத்து நேராகப் போக வேண்டுமென்பதற்காகவே முழு உறைச் சன்னத்தைப் பாவித்தார். அதை வில்டபீஸ்ட்டின் நுரையீரலுக்குப் பொருத்தினால் முன்சொன்ன துளைக் கதைதான் திரும்பவும்.

எதிர்த்திசைத் தவறும் நடந்தது. வேகம் இன்னும் ஏறியபோது மென்மூக்குச் சன்னங்கள் தோளெலும்பில் பட்டதும் சிதறின, ஆழம் போகவில்லை. அமெரிக்கரான ஜோன் நொஸ்லர் 1946இல் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது இதுவே நேர்ந்தது. அவர் சன்னத்தின் நடுவே ஒரு செம்புச் சுவர் வைத்தார்: முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்தச் சன்னம் ஆபிரிக்காவிலும் நிலைத்துவிட்டது.

இன்று நமீபியாவில் சட்டமே அளவு சொல்கிறது. ஸ்பிரிங்பொக்குக்கு துவக்கு வாயில் குறைந்தது 1,350 ஜூல் சக்தி. கூடு, வில்டபீஸ்ட், ஈலண்ட் போன்றவற்றுக்கு 2,700 ஜூல். இம்பாலா நம் புள்ளிமானை ஒத்தது, கூடு நம் மரையளவு. ஈலண்டோ 700 கிலோவையும் தாண்டும். ஒரே நாளில் எது முன்னே வருமென்று தெரியாததால், அனுபவசாலிகள் 7 மில்லிமீற்றரில் பாரமான, சிதறாத சன்னத்தை மிதமான வேகத்தில் விரும்புகிறார்கள். இன்னும் பெரிதாக வேண்டுமென்பவர்களுக்கு 1912இல் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் கொண்டுவந்த .375 இருக்கிறது.

1989இல் ஈயமே இல்லாத முழுச் செம்புச் சன்னம் ஒன்று சந்தைக்கு வந்தது. விரியும், ஆனால் துண்டாகாது. அதன் அருமை பின்னர்தான் தெரிந்தது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலிலும் கழிவிலும் சிதறிக் கிடக்கும் ஈயத் துகள்களைப் பிணந்தின்னிக் கழுகுகள் விழுங்குகின்றன. போட்ஸ்வானாவில் பிடித்துப் பரிசோதித்த கழுகுகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.