ஏடு கூறாததைப் பாறை கூறிற்று

கி.மு. 4004-ஆம் ஆண்டிலே உலகம் படைக்கப்பட்டது என்று, நாளும் மாதமும் குறித்து 1650-இல் எழுதினார் அயர்லாந்துப் பேராயர் அஷர். அக்கணக்கு பின்னர் விவிலியத்தின் பக்க ஓரங்களிலே அச்சேறிற்று. அச்சேறியது போதாதா, ஐயம் கொள்வோர் வாயை அடைக்க!

பாறையின் வாயை எவர் அடைப்பர்? அமெரிக்காவின் மேற்கிலே, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ என நான்கு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது கொலராடோ பீடபூமி. மழை குன்றிய நிலம். மண்ணும் புல்லும் மூடாததால் பாறையடுக்குகள் அடிமுதல் முடிவரை கண்ணுக்குத் தெரிகின்றன. 1869-இல் அதன் ஆற்றிடுக்குகளிலே நான்கு படகுகளுடன் புகுந்தார் ஜான் வெஸ்லி பவல். போரிலே வலக்கையை இழந்தவர்; சமயப் போதகரின் மகன்; நம்மைப்போலப் பள்ளியிலே பாடம் சொன்னவர். தந்தை வேதம் ஓதினார். மகன் பாறையைப் படித்தார்.

அங்குள்ள ஜுராசிக் காலப் பாறைகளுள் தலையாயது நவாஹோ மணற்பாறை. சீயோன் பள்ளத்தாக்கிலே அது ஏறத்தாழ 2,000 அடிச் சுவராய் எழுந்து நிற்கிறது. சீயோன்! மார்மன் சமயத்துக் குடியேறிகள் சூட்டிய விவிலியப் பெயர். அப்பெயர் தாங்கிய சுவரே அஷரின் கணக்கை மறுத்து நிற்பதை என்னென்பது!

நோவா காலத்து வெள்ளம் படியவைத்தது என்பாரும் உளர். உற்று நோக்கட்டும். சுவரெங்கும் கோடுகள் சாய்ந்தோடுகின்றன. ஒரு சாய்வை மற்றொன்று வெட்டிச் செல்கிறது. காற்று, மணலை மேட்டின் ஒருபுறமாக ஏற்றி மறுபுறத்துச் சரிவிலே கொட்டும், கொட்டியது அடுக்காகும், பின்னே வரும் மணற்குன்று முன்னதன் தலையைச் சீவிவிட்டு மேலேறும். கல்லாகிப்போன பாலைவனமன்றோ அது! 19 கோடி ஆண்டுகளுக்குமுன் காற்று வடக்கிலிருந்து வீசிற்று என்பதையும் அச்சாய்வே சொல்லுகிறது. குன்றுகளிடையே இருந்த குளங்கள், சுண்ணாம்புக்கல் திட்டுகளாய் எஞ்சியுள்ளன. மணல்கூட அங்கே பிறந்ததன்று. அதிலுள்ள சிர்க்கான் மணிகளின் வயதை அளந்த ஆய்வாளர், பெரும்பங்கு கண்டத்தின் கீழ்க்கோடியிலுள்ள அப்பலாச்சிய மலைகளிலிருந்து ஆறுகள் சுமந்து வந்தது என்று 2003-இல் எழுதினர்.

அதற்கும் மேலே கிடப்பது, காலத்தால் பிந்திய மாரிசன் அடுக்கு. டைனோசார் எலும்புகளுக்குப் பேர்போனது. அதே அடுக்கிலே யுரேனியமும் உண்டு. அணுகுண்டுக் காலத்திலே அதை வெட்டியெடுக்கச் சுரங்கம் புகுந்தோரில் நவாஹோ பழங்குடியினர் ஆயிரக்கணக்கானோர். எம்மக்கள் பெயரை மணற்பாறைக்குச் சூட்டினரோ, அம்மக்கள்!

ஜெர்மனியின் ஷ்நேபெர்க் சுரங்கத் தொழிலாளரை நுரையீரற் புற்று அரித்தது 1879-லேயே பதிவாகிவிட்டது. 1950 முதல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் யுரேனியத் தொழிலாளரைச் சோதித்து வந்தனர், குறிப்பெடுத்தனர், கொல்லும் காற்றை மூச்சிழுக்கிறீர்கள் என்று மட்டும் அவர்களிடம் கூறவில்லை. 19 கோடி ஆண்டுக் காற்றைக் கணித்த அறிவுலகம், சுரங்கத்துக் காற்றைப் பற்றி வாய்திறக்காதது ஏன்? மூச்சிழுத்தவன் ஏழை, அதனால்தான்.

1960-களிலே நீதி கேட்டுக் கிளம்பினர், கணவரைப் பறிகொடுத்த நவாஹோ கைம்பெண்கள். இழப்பீட்டுச் சட்டம் பிறந்தது 1990-இல். கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் அவர்கள் நிலத்திலே 500-க்கு மேல்.