மணலுக்கு அடியில் ஒரு மன்னன்

பிரேசில் நாட்டின் வடகிழக்கே, அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிக் கிடக்கும் மரன்யாவ் மாநிலத்தில் ஒரு விந்தையான மணற்பரப்பு உண்டு. கரையோரமாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீண்டு, உள்நாட்டிற்குள்ளும் வெகுதூரம் புகுந்து கிடக்கும் அவ்வெண்மணலைப் போர்த்துக்கீசிய மாலுமிகளின் மொழி 'லென்சோய்ஸ்' என்று அழைத்தது. படுக்கை விரிப்புகள் என்பது அச்சொல்லின் பொருள். உலர்த்துவதற்காக விரித்த துணி காற்றில் மடிந்து மடிந்து எழும் தோற்றம் அம்மணல்மேடுகளுக்கு இருப்பதால் பெயர் பொருத்தமானதே.

பார்த்தவுடன் இதனைப் பாலைவனம் என்றே யாரும் சொல்வர். ஆனால் இது பாலைவனம் அன்று. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலை என்பது புவியியலார் வழக்கு. இங்கோ ஆண்டுக்குச் சுமார் 1600 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அதில் பெரும்பகுதி சனவரி முதல் சூன் வரையிலான மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். அப்போது நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களிலெல்லாம் நீலமும் பச்சையுமாக நன்னீர் தேங்கி நிற்கும். கடல் அருகே இருந்தும் அந்நீரில் உப்பில்லை. சூன் முதல் ஆகஸ்டு வரை நிறைந்திருக்கும் இவ்வேரிகள் அக்டோபர், நவம்பரில் ஒவ்வொன்றாக வற்றிவிடும். மறு ஆண்டு மழை பெய்யும்போது அவை பழைய இடத்திலேயே தோன்றும் என்பதற்கும் உறுதியில்லை. மணல் அதற்குள் நகர்ந்துவிடுகிறது.

அந்த மணல் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தது. பர்னாயிபா, பிரெகிசாஸ் முதலிய ஆறுகள் உள்நாட்டு மண்ணைக் கடலில் கொட்டுகின்றன. நீரோட்டம் அதனைக் கரையோரமாக மேற்கே தள்ளுகிறது. கோடையில் ஓயாது வீசும் கீழைக்காற்று அதனை அள்ளி உள்நாட்டிற்குள் எறிகிறது. இந்த ஏற்பாடு பல்லாயிரம் ஆண்டுகளாக இடையறாது நடந்துவருகிறது. 1981-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள் பிரேசில் அரசு சுமார் 1,55,000 ஹெக்டேர் பரப்பைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2024 சூலையில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஏரிகள் வற்றும்போது அவற்றில் வாழும் உயிர்கள் என்னாகும்? பினிங்கா என்னும் சிறிய ஆமை மண்ணுக்குள் புதைந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கிறது. திராயிரா என்னும் மீன் ஈரச்சேற்றில் தங்கிப் பிழைக்கிறது. இம்மீனின் அறிவியற் பெயர் நம்மவர்க்கு வியப்பளிக்கும்: 'ஹோப்லியாஸ் மலபாரிக்கஸ்'. தென்னமெரிக்காவிலும் அதனை அடுத்த நடுவமெரிக்காவிலும் அன்றி வேறெங்கும் இல்லாத மீனுக்கு மலபார்ப் பெயர் வந்தது எங்ஙனம்? 1794-இல் இதற்குப் பெயரிட்டவர் பெர்லின் நகர மருத்துவரான பிளோக். நம் தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் ஜான் அவருக்கு நம் கடல் மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிவந்தார். அமெரிக்க மீன் ஒன்றை இந்திய மீன் என்று பிளோக் தவறாகக் கருதிவிட்டார். முதலில் இட்ட பெயரை மாற்றலாகாது என்பது அறிவியலாரின் விதியாதலின், அப்பிழை இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது.

பூங்காவின் நடுவே மக்களும் வாழ்கின்றனர். கெய்மாதா தோஸ் பிரிட்டோஸ், பாய்ஷா கிராந்தி என்பன மணற்கடலுக்குள் தீவுகள்போல் அமைந்த பசுஞ்சிற்றூர்கள். முதற்சொன்ன ஊரார் தம்மை, சியாரா மாநிலத்தின் வறட்சிக்குத் தப்பி வந்தவர்களின் வழியினர் என்கின்றனர். ஆடு வளர்ப்பு, மீன்பிடி, மரவள்ளி, முந்திரி ஆகியவையே பிழைப்பு. முந்திரிக்கும் மரவள்ளிக்கும் தாயகம் தென்னமெரிக்காவே. முந்திரியை 16-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். மணல்மேடு நெருங்கி வரும்போது இவ்வூரார் வீட்டைப் பிரித்து அப்பால் கட்டிக்கொள்வது வழக்கம். பூங்கா வந்தது 1981-இல்; இவர்கள் அதற்கு முன்பே வந்தவர்கள். ஆயினும் சட்டத்தின் கண்ணில் தம் மண்ணிலேயே விருந்தினர் போன்ற நிலை அவர்களுக்கு. அழகை மட்டும் கண்டு திரும்பும் பயணிகள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். லென்சோய்ஸ் என்ற பெயரில் மரன்யாவில் இன்னோர் இடமும் உண்டு. தலைநகர் சாவோ லூயிஸுக்குக் கிழக்கே இருப்பது மேலே சொன்ன பூங்கா. மேற்கே, குருருபு வட்டாரத்துக் கடலில், அலையாத்திக் காடுகளுக்கு அப்பால் இருப்பது லென்சோய்ஸ் தீவு. அங்கும் வெண்மணல் மேடுகளே. மீனவர் குடியிருப்பு ஒன்று உண்டு. அத்தீவின் மணலுக்கு அடியில் ஓர் அரசர் மாளிகை கட்டி வாழ்கிறார் என்பது அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. நிலவு காயும் இரவுகளில் அவர், நெற்றியில் விண்மீன் ஒளிரும் கருங்காளையாக மணலில் உலவுவாராம். துணிந்த ஒருவன் அவ்விண்மீனில் காயப்படுத்திவிட்டால் மாயக்கட்டு அறும். சாவோ லூயிஸ் நகரம் கடலில் மூழ்கும். மன்னரின் நகரம் மேலெழும். அம்மன்னரின் பெயர் செபஸ்தியான்.

இக்கதையின் வேர் பிரேசிலில் இல்லை. கடலுக்கு அப்பால், மொராக்கோவில் இருக்கிறது.

செபஸ்தியான் 1554-இல் பிறந்து, மூன்று வயதில் போர்த்துக்கல் நாட்டு முடியைப் பெற்றவர். பாதிரிமாரிடம் வளர்ந்த அவருக்குச் சிலுவைப்போர் ஒன்றை நடத்திப் புகழ் பெறவேண்டும் என்பதே வாழ்நாள் கனவாக இருந்தது. வாய்ப்பும் தானே வந்தது. மொராக்கோவின் சஅதி அரச மரபில் அப்போது உட்பகை. சுல்தான் அப்துல் மலிக், தம் அண்ணன் மகன் முதவக்கிலை 1576-இல் உதுமானியர் துணையுடன் வென்று அரியணை ஏறியிருந்தார். தோற்ற முதவக்கில், தன் சிற்றப்பனைப் பழிதீர்க்க அந்நிய மன்னனின் காலில் விழுந்தான். உட்பகையால் அந்நியனுக்கு வாயில் திறந்துவிடும் இத்தகைய செயலை இஸ்லாமிய வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. பெரியோர் பலர் தடுத்தும் கேளாமல் செபஸ்தியான் தம் நாட்டுப் பிரபுக்களையும், செர்மனி, இசுபெயின், இத்தாலி நாடுகளின் கூலிப்படைகளையும் திரட்டிக்கொண்டு கடல் கடந்தார்.

அப்துல் மலிக் எளிய எதிரி அல்லர். இளமையில் நாடு கடந்து இஸ்தான்புல்லிலும் அல்ஜீரியாவிலும் வாழ்ந்தவர். லெபாந்தோ கடற்போரில் கலந்துகொண்டவர். பல மொழிகள் கற்றவர். ஆனால் போர் நெருங்கியபோது அவர் நோயுற்று, பல்லக்கில் கிடந்தார். கொடுங்கோடையில் கரையை விட்டு உள்நாட்டிற்குள் நடந்து களைத்துப்போன படையை, கஸ்ருல் கபீர் என்னும் ஊருக்கு அருகே, 1578 ஆகஸ்டு 4-ஆம் நாள், ஹிஜ்ரி 986-இல், அவர் எதிர்கொண்டார். முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் இதனை வாதில் மகாஸின் போர் என்பர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே சுல்தான் உயிர்நீத்தார். அச்செய்தி படைக்குத் தெரிந்தால் அணி கலையும் என்று உணர்ந்த அவருடைய அணுக்கர்கள், பல்லக்கின் திரையை மூடியபடியே வைத்து, சுல்தான் ஆணையிடுவதாகச் சொல்லிக் கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தனர். மாலைக்குள் போர்த்துக்கீசியப் படை அழிந்தது. செபஸ்தியான் களத்தில் மாண்டார், வயது 24. தப்பி ஓடிய முதவக்கில் ஆற்றில் மூழ்கி இறந்தான். மூன்று மன்னர்களை ஒரே நாளில் விழுங்கியதால் 'மூவரசர் போர்' என்றும் இதற்குப் பெயருண்டு. அப்துல் மலிக்கின் தம்பி அஹ்மத், 'அல் மன்சூர்' என்னும் விருதுப் பெயருடன் அரியணை ஏறி 1603 வரை ஆண்டார்.

போர்த்துக்கலின் பிரபுக்குடிகளில் களத்தில் வீழாதவர்கள் கைதிகளாயினர். அவர்களை மீட்கும் பணத்தாலேயே கருவூலம் காலியாயிற்று. செபஸ்தியானுக்கு மனைவியில்லை, மகனில்லை. முதிய கர்தினால் ஹென்றி இரண்டாண்டு ஆண்டு 1580-இல் மறைந்தபின், இசுபெயின் மன்னர் இரண்டாம் பிலிப் நாட்டைத் தம் வசமாக்கிக்கொண்டார். 1640 வரை அந்நிலை நீடித்தது. இசுபெயினின் பகைவரான டச்சுக்காரர், அதனால் போர்த்துக்கலின் குடியேற்றங்களுக்கும் பகைவராயினர். 1641 முதல் 1644 வரை சாவோ லூயிஸ் அவர்கள் கையில் இருந்தது. 1658-இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரருக்குக் கைமாறின. நம் மரக்காயர்களின் கடல்வாணிபத்தை நெரித்த பறங்கியின் பிடி தளர்ந்ததற்குரிய காரணங்களுள், மொராக்கோவின் அந்த ஒரு நாட்போரும் ஒன்று என்பது என் கருத்து.

செபஸ்தியானின் உடல் என்று சொல்லப்பட்டதை 1582-இல் பிலிப் லிஸ்பனுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தார். மக்கள் நம்பவில்லை. அவருடைய கல்லறையில் பொறித்த இலத்தீன் வாசகமே, சொல்லப்படுவது உண்மையாயின் இங்கே இருப்பவர் அவரே என்னும் கருத்தில்தான் அமைந்திருக்கிறது! மன்னர் சாகவில்லை, ஒரு தீவில் மறைந்திருக்கிறார், திரும்பி வருவார் என்ற நம்பிக்கை பரவிற்று. 'நான்தான் செபஸ்தியான்' என்று கிளம்பிய போலிகள் நால்வர். பந்தாரா என்னும் செருப்புத் தைப்பவர் முன்னரே பாடிவைத்த, மறைந்திருக்கும் மன்னரைப் பற்றிய பாடல்கள் இந்நம்பிக்கைக்கு எண்ணெய் வார்த்தன. 1653-இல் மரன்யாவுக்கு வந்த புகழ்பெற்ற பாதிரியார் அந்தோனியோ வியெய்ரா, அதே பாடல்களைக் காலமான நான்காம் ஜான் மன்னருக்குப் பொருத்தி, அவர் மீண்டெழுவார் என்று எழுதி, அதற்காக மதவிசாரணைக் கூண்டில் நிற்க நேர்ந்தது. இந்தக் காற்று கடலைக் கடந்து மீனவர் குடிசைகளுக்குள் புகுந்ததில் வியப்பில்லை. கஸ்ருல் கபீர் மணலைப் போன்றே இத்தீவின் மணலும் இருப்பதால்தான் மன்னர் இங்கே குடியேறினார் என்று சொல்வாரும் உண்டு.

தோற்ற மன்னரை நினைவில் வைத்த அதே மண், தான் தோற்கடித்த மக்களை எவ்வாறு நினைவில் வைத்தது?

1755-இல் போர்த்துக்கல் அமைச்சர் பொம்பாலின் முயற்சியால் மரன்யாவுக்கென ஒரு வாணிபக் கம்பெனி தோன்றியது. நெல்லும் பருத்தியும் பயிரிட அது ஆயிரமாயிரம் ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் பெரும்பாலும் இன்றைய கினி-பிசாவிலுள்ள பிசாவு, கஷேவ் துறைமுகங்களில் ஏற்றப்பட்டவர்கள். நெல் விளைவிப்பதை வழிவழியாக அறிந்தவர்கள். அவர்களுடைய நாட்டுச் செந்நெல்லை மரன்யாவில் பயிரிடலாகாது என்று 1772-இல் ஆளுநர் தடை விதித்தார் என்றால், அவர்கள் அதனை எவ்வளவு விடாப்பிடியாக விளைத்தனர் என்பது விளங்கும். இவர்களுள் முஸ்லிம்களான மன்திங்கா இனத்தாரும் இருந்தனர். அவர்கள் இறைவசனங்களை எழுதித் தோற்பையில் தைத்துக் கழுத்தில் அணியும் வழக்கமுடையவர்கள். அந்தத் தாவீசுக்குப் போர்த்துக்கீசியர் 'மன்திங்காப் பை' என்று பெயரிட்டு, அணிந்தவர்களை மதவிசாரணை மன்றத்தில் நிறுத்தினர். இன்றும் பிரேசிலின் பேச்சுமொழியில் 'மன்திங்கா' என்றால் பில்லிசூனியம் என்று பொருள். ஓர் இனத்தின் பெயர், அதுவும் எழுத்தறிந்த இனத்தின் பெயர், இவ்வாறு தேய்ந்துபோயிற்று.

மொழியின் வேடிக்கையைப் பாருங்கள். அவர்கள் பயிரிட்ட நெல்லரிசிக்குப் போர்த்துக்கீசியத்தில் 'அர்ரோஸ்', பருத்திக்கு 'அல்கொதாவ்'. அர்ருஸ், அல்குத்ன் என்னும் அரபுச் சொற்களே இவை. ஐபீரியாவில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் எச்சங்கள். எசமானன் தன் வாயால் அரபுச் சொல்லைச் சொல்லிக்கொண்டே, அடிமையின் கழுத்திலிருந்த அரபு எழுத்தைச் சூனியம் என்றான்.

முற்றிலும் மறைந்துவிடவில்லை என்றே சொல்லவேண்டும். சாவோ லூயிஸில் ஆப்பிரிக்க வழியினர் கொட்டு முழக்கிச் செய்யும் 'தம்போர் தெ மினா' என்னும் வழிபாட்டில், செபஸ்தியான் மன்னரோடு 'துருக்கி அரசர்' ஒருவரும் அவருடைய புதல்வியரும் ஆவிகளாக இறங்கி ஆடுவதாக நம்பிக்கை. ஐரோப்பியரின் சிலுவைப்போர்க் கதைகளில் தோற்பதற்கென்றே படைக்கப்பட்ட துருக்கர் இங்கே மதிப்புக்குரிய குடும்பமாக அமர்ந்திருக்கின்றனர். இது நம் சமயநெறி அன்று. ஆயினும் அடிமைகளின் உள்ளம் யார் பக்கம் சாய்ந்தது என்பதை இது காட்டுகிறதன்றோ!

தெற்கே பாஹியா மாநிலத்தில் கிடைக்கும் சான்று இன்னும் தெளிவானது. 1835 சனவரியில், ரமளான் மாதத்தின் இறுதிப் பகுதியில், சால்வதோர் நகரத்து முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். ஒரே இரவில் அடக்கப்பட்ட அக்கிளர்ச்சியின்போது கைப்பற்றிய அரபுத் தாள்கள், அவர்கள் தம் கையால் எழுதிய திருமறை வசனங்கள் உட்பட, அங்குள்ள ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13-ஆம் நாளில்தான். கஷேவ் துறைமுகத்தில், அங்கிருந்து கப்பலேறியோர் நினைவாக, 2016-இல் ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது.