கைவிடப்பட்ட நாய் குடும்பத் துணையாகுமா? – ஒரு வரலாற்று நோக்கு

நாய் மனிதனை அண்டி வாழத் தொடங்கிய காலம், மனிதன் ஏர் பிடித்து உழுத காலத்துக்கும் முற்பட்டது. ஆடும் மாடும் தொழுவத்தில் கட்டப்படுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, நாய் அவன் மூட்டிய தீயின் அருகே படுத்துறங்கியது. இத்துணைப் பழைமையான உறவு இன்று ஒரு கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ மீட்கப்பட்ட நாயைக் குழந்தைகள் வாழும் வீட்டில் வளர்க்கலாமா? விலை கொடுத்து வாங்கிய உயரினக் குட்டியே வீட்டுக்கு ஏற்றது என்றும், தெருவில் திரிந்தது குணங்கெட்டது என்றும் கருதுவோர் பலர். இக்கருத்து சரியானதுதானா? இதற்கு விடை காண, நாய் எவ்வாறு தெருவுக்கு வந்தது என்னும் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

தமிழர் மரபில் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவர் கால நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில் வீரன் ஒருவனின் உருவமும், அவன் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும் அது மறவாமல் பொறித்திருக்கிறது. எத்தனையோ வீரர்களின் பெயர்கள் காற்றோடு போய்விட்ட நாட்டில், ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாகக் கல்லில் நிலைத்து நிற்கிறது. அது எவ்வினத்தைச் சேர்ந்தது என்று கல்வெட்டு கூறவில்லை. அது ஆற்றிய செயலையே கூறுகிறது.

நாலடியாரும் இதே நோக்கில் நாயைக் காண்கிறது. பாகனை நன்கறிந்தும் அவனையே கொல்லக்கூடிய யானையைப் போன்றோரின் நட்பை விலக்கி, எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் வாலைக் குழைத்து வரும் நாயைப் போன்றோரின் நட்பைக் கொள்க என்பது அந்நூல் தரும் அறிவுரை. ஆக, முன்னோர் நாயை அதன் பிறப்பால் மதிக்கவில்லை. அதன் நன்றியால் மதித்தனர்.

தோட்டப்புறத்து நாய்

இம்மரபு கடல் கடந்தும் வந்தது. 1877ஆம் ஆண்டில் பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட ரப்பர்க் கன்றுகள், பின்னர் மாநிலத்தின் முகத்தையே மாற்றின. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சுங்கை, பாகான் செராய் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் தோன்றின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் லயங்களில் குடியமர்ந்தனர். அவர்களோடு நாய்களும் குடியமர்ந்தன.

லயத்து நாய் பெரும்பாலும் கட்டப்படாத நாய். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வோரின் பின்னே செல்லும். பால்மரக்காட்டில் தன் வீட்டாரின் நிரையில் படுத்திருக்கும். பாம்பையோ காட்டுப்பன்றியையோ கண்டால் குரைத்து எச்சரிக்கும். பெற்றோர் மரம் வெட்டச் சென்ற வேளையில் சிறுவர்களின் விளையாட்டுத் தோழனும் அதுவே. ஒரு வீட்டில் பழஞ்சோறும் மறுவீட்டில் கருவாட்டுத் தலையும் அதற்குக் கிடைக்கும். உரிமைச் சீட்டு இல்லாவிடினும் அதற்கு ஊர் இருந்தது, பெயர் இருந்தது. அதனைத் தெருநாய் என்று எவரும் அழைத்ததில்லை.

அவ்வூர் கலைந்தபோதுதான் நிலைமை மாறியது. 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அத்துயரைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பிற்காலத்தில் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. ஈப்போவின் மலிவுவிலை அடுக்ககங்களுக்கும் வாடகை அறைகளுக்கும் குடிபெயர்ந்தோர் பலரால் நாயை உடன் கொண்டு செல்ல இயலவில்லை. லாரி புறப்பட்ட பின்னும் பூட்டிய வாயிலில் காத்திருந்த நாய், சில நாள்களில் உணவு தேடிச் சாலைக்கு வந்தது. நேற்றுவரை லயத்து நாயாக இருந்தது, இன்று தெருநாயாயிற்று. மாறியது அதன் குணமன்று, அதன் முகவரியே.

அச்சத்தின் வரலாறு

தெருநாயைக் கண்டு மக்கள் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. வெறிநாய்க்கடி நோய் கொடியது. நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. 1952ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் அந்நோய் பரவியபோது, மலாயா அரசாங்கம் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டது. உரிமையாளரற்ற நாய்களைக் கொன்றொழித்தது. ஈராண்டுகளில் நோய் அடங்கியது. பின்னர், 1955இல் தாய்லாந்து எல்லையை ஒட்டிய வட மாநிலங்களில் தடுப்பூசி வளையம் ஒன்று அமைக்கப்பட்டது. பேராக்கின் வட பகுதியும் அவ்வளையத்துள் அடங்கும்.

இவ்வெற்றி மக்கள் மனத்தில் இரண்டு பாடங்களைப் பதித்தது. தடுப்பூசி காக்கும் என்பது ஒன்று. தெருநாய் கொல்லப்பட வேண்டியது என்பது மற்றொன்று. முதற்பாடம் காலப்போக்கில் மங்கியது, இரண்டாவதே வேரூன்றியது. ஆனால், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் நோய் மீண்டும் தலைகாட்டியபோது, முதற்பாடத்தின் அருமை மறுபடியும் உணரப்பட்டது. அஞ்ச வேண்டியது தடுப்பூசி போடப்படாத நாயையே. அது மாளிகையில் வளர்ந்தாலும் அச்சத்துக்குரியதே.

தெருவிலிருந்து இல்லத்துக்கு

தெருவில் பிறந்த நாய் குடும்பத்தோடு ஒன்றுமா என்பதற்கு உலக வரலாற்றில் சான்றுகள் உள்ளன. 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட லைக்கா, மாஸ்கோ நகரத்துத் தெருநாய். பசியையும் குளிரையும் தாங்கிப் பழகியவை என்பதால் சோவியத் அறிஞர்கள் தெருநாய்களைத் தேர்ந்தெடுத்தனர். திரும்பி வராத அப்பயணத்துக்கு முன், யஸ்தோவ்ஸ்கி என்னும் மருத்துவ அறிஞர் லைக்காவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று தம் பிள்ளைகளோடு விளையாட விட்டார். 1960இல் விண்வெளி சென்று மீண்ட ஸ்திரெல்காவும் தெருநாயே. அதன் குட்டியான புஷிங்காவை 1961இல் குருஷேவ் அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசளித்தார். மாஸ்கோ தெருநாயின் மகள் வெள்ளை மாளிகையில் குழந்தைகளின் தோழியாயிற்று.

தமிழ்நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1959இல் சென்னை மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அக்குடும்பத்தின் பரிவே 'புளூ கிராஸ்' என்னும் விலங்கு நல அமைப்பாக வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்வதற்கு மாறாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறையை அவ்வமைப்பு வலியுறுத்தியது; 1996இல் சென்னை மாநகராட்சியும் அம்முறையை ஏற்றது.

அறிவியல் காட்டும் எல்லை

எனினும், பரிவு மட்டுமே போதுமா? அறிவியல் ஓர் எல்லையைக் காட்டுகிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் ஆகிய அறிஞர்கள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1965இல் நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி மனிதரோடு பழகக் கற்கும் காலம் என்பது அவர்களின் முடிவு. அக்காலத்தில் மனிதக் கையே படாது வளர்ந்த நாய், பின்னர் மனிதரை எளிதில் நம்பாது.

இம்முடிவு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. லயத்தில் சிறுவர்களோடு வளர்ந்து கைவிடப்பட்ட நாய்க்கு மனித அன்பு புதிதன்று. மறந்ததை அது மீண்டும் நினைவுகூரும். காட்டோரத்தில் மனித வாடையின்றிப் பிறந்து வளர்ந்த நாயோ பொறுமை மிக்க பெரியோரிடம் வாழலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஏற்றதன்று. மீட்கப்பட்ட நாய்கள் அனைத்தும் நல்லவை என்பதும் பிழை. அனைத்தும் தீயவை என்பதும் பிழை. வளர்ந்த நாயை மீட்பதில் ஒரு நன்மையும் உண்டு. குட்டி எவ்வாறு வளருமோ அறியோம். வளர்ந்த நாயின் இயல்பையோ கண்ணாற் கண்டபின் ஏற்கலாம்.

இல்லத்தார் கடமை

ஈப்போவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் நோவாஸ் ஆர்க் அமைப்பும் நாய்களுக்குக் கருத்தடை செய்வதிலும் புது இல்லம் தேடித் தருவதிலும் ஈடுபட்டு வந்துள்ளன. அங்கிருந்து நாயை ஏற்க விரும்புவோர், முதலில் பலமுறை சென்று அதனோடு பழகுதல் நன்று. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை, நகராண்மைக் கழக உரிமம் ஆகியவை தவிர்க்க முடியாதவை. கொசுவால் பரவும் இதயப்புழு நோய் நம் தட்பவெப்பத்தில் இயல்பாகக் காணப்படுவதால் அதற்கும் மருந்து வேண்டும்.

புது வீட்டில் முதற்சில நாள்கள் நாய் ஒடுங்கிக் கிடக்கலாம். வீட்டின் ஒழுங்கை அறியச் சில வாரங்களும், முழு நம்பிக்கை கொள்ளச் சில மாதங்களும் ஆகும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது எனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். சிறு குழந்தையை எந்த நாயோடும் தனியே விடலாகாது. பல்லினத்தார் அருகருகே வாழும் நம் நாட்டில், அண்டை வீட்டாரின் சமய உணர்வை மதித்து நாயை வேலிக்குள் வைத்திருப்பதும் கடமையே.

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் கொடுமையைத் தடுக்கும். அன்பைக் கற்பிக்க இயலாது. அப்பணி இல்லத்துக்கும் பள்ளிக்கும் உரியது.

லயங்கள் பல இன்று இல்லை. அவற்றின் மாந்தர் நகரங்களில் புதுவாழ்வு தேடிக்கொண்டனர். வேரறுந்து மீண்டும் வேரூன்றுவதன் அருமையை அவர்களைவிட நன்கறிந்தோர் யாவர்? அத்தகைய வீட்டின் வாயிலில், வீடிழந்த நாய் ஒன்றுக்கு இடமும் பெயரும் கிடைக்குமானால், அது குடும்பத்துக்கு நல்ல துணையாகவே விளங்கும். கோவிவனுக்குக் கல்லெடுத்த மரபினர்க்கு அது புதிய அறமன்று.