வகுப்பின் மொழியும் வார்டின் மொழியும்: அயல்நாட்டில் மருத்துவம் பயிலும் இந்திய மாணவர் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், வங்கதேசம், பிலிப்பைன்ஸ் என்று இந்திய மாணவர்கள் மருத்துவம் படிக்கப் போகும் நாடுகளின் பட்டியல் நீண்டுகொண்டே இருக்கிறது. பிள்ளையை அனுப்ப நினைக்கும் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஆறு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வில் தேறிவிட முடியுமா? இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் மருத்துவரை உருவாக்குவது எது என்று பார்த்தால் இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று உண்டு: அந்த மாணவர் அங்கே நோயாளியோடு எந்த மொழியில் பேசப்போகிறார்?

அயல்நாட்டு மருத்துவப் படிப்பின் பெரிய குறை பாடநூலில் இல்லை, வார்டில் இருக்கிறது என்பதும், ‘முழுக்க ஆங்கில வழி’ என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் அம்சமே அக்குறைக்கு முதற்காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. எம்.பி.பி.எஸ். நிலைக்கு இணையான படிப்பு மட்டுமே இங்கு ஆராயப்படுகிறது. மேற்படிப்புக்காக பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ செல்வோர் இதில் அடங்கார்.

2. முன்னோடிகளும் மொழி ஆண்டும்

கல்கத்தா மருத்துவக் கல்லூரி மாணவர் நால்வர் 1845இல் துவாரகாநாத் தாகூரோடு கப்பலேறி லண்டனுக்குப் படிக்கச் சென்றனர். ஆனந்திபாய் ஜோஷி பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்றார். இவர்களுக்கு வகுப்பிலும் ஆங்கிலம், படுக்கையில் கிடந்த நோயாளியின் வாயிலும் ஆங்கிலம். ஆகவே கற்ற மொழிக்கும் கேட்ட மொழிக்கும் இடையே பிளவு இருக்கவில்லை.

பட்டத்தின் மதிப்பு குறித்த சர்ச்சையும் பழையதே. மகப்பேற்றுப் பயிற்சி போதவில்லை என்ற காரணத்தில் தொடங்கிய பூசலின் முடிவில், 1930இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கு அளித்துவந்த அங்கீகாரத்தை நிறுத்தியது. அதன் விளைவாகவே 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. மாணவர் தம் கையால் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறார் என்பதே அன்று நம்மிடம் கேட்கப்பட்டது. கேட்டவர்களின் நோக்கத்தில் ஆதிக்கம் கலந்திருந்தாலும் கேள்வி சரியான கேள்வி.

சோவியத் காலத்தில் திசை மாறியது. 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டில் காங்கோ தலைவர் பட்ரிஸ் லுமும்பாவின் பெயரைப் பெற்றது. அங்கும் பிற சோவியத் நகரங்களிலும் சேர்ந்த வெளிநாட்டு மாணவர் முதலில் ஆயத்தப் பிரிவில் ஓராண்டு ரஷ்ய மொழி படித்தார். பிறகு ரஷ்ய மாணவரோடு ஒரே வகுப்பில், ஒரே வார்டில் பயின்றார். சோவியத் ஒன்றியம் உடைந்து, கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவரைப் பல்கலைக்கழகங்கள் தேடத் தொடங்கிய 1990களில், குர்ஸ்க் முதலிய இடங்களில் ஆங்கில வழி வகுப்புகள் பிறந்தன. மொழிக்கென்று இருந்த ஓராண்டு அவ்வழியில் இல்லாமல் போயிற்று. பெற்றோருக்கு அது ஓராண்டுச் செலவு மிச்சமாகத் தெரிந்தது.

3. புறப்பாட்டின் காரணம்

இதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். தகுதி மதிப்பெண் பெற்றவர்கள் ஏறத்தாழ 13 லட்சம். நாட்டில் அன்றிருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. அவற்றிலும் கிட்டத்தட்டப் பாதிதான் அரசுக் கல்லூரிகளில். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடிகிறது; நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக்கே இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிய குடும்பத்துக்கு, இங்கே ஓரிரு ஆண்டுக்கு ஆகும் பணத்தில் அங்கே முழுப் படிப்பும் முடியும் என்று ஏஜென்ட் சொல்லும்போது அது நம்பத்தக்க கணக்காகத்தான் இருக்கிறது. அக்குடும்பத்தைப் பேராசைக்காரர் என்று பழிப்பது அநீதி.

4. சட்டம் அளப்பவை

1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 2001இல் செய்த திருத்தம், அயல்நாட்டுப் பட்டதாரிகள் இங்கே பதிவு பெறத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. 2002இலிருந்து நடக்கும் அத்தேர்வே எஃப்.எம்.ஜி.இ. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இதில் கொள்குறி வகையில் 300 வினாக்கள். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. 2018இலிருந்து வெளிநாடு செல்வதற்கும் நீட் தகுதி வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் வலையை இன்னும் இறுக்கின. படிப்பு குறைந்தது 54 மாதம் நடக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பிய பின் இந்தியாவில் 12 மாதப் பயிற்சி. அந்நாட்டுக் குடிமகனுக்கு நிகராக அங்கே தொழில் செய்யும் உரிமம் பெறத் தக்க பட்டமாக அது இருக்க வேண்டும். எல்லாம் பத்தாண்டுக்குள் முடிய வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும்.

இவற்றுள் முதல் விதியால் பிலிப்பைன்ஸ் சென்றவர்கள் தவித்தார்கள். அங்கே எம்.டி. என்னும் மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம்; அதற்கு முன் படிக்கும் பி.எஸ். இளநிலைப் படிப்பு கணக்கில் வராது. உரிம விதி நல்ல விதி. உள்ளூரில் மருத்துவராக முடியாத பட்டத்தை வெளிநாட்டினருக்கு மட்டும் விற்பதை அது தடுக்கிறது. கடைசி விதிதான் என்னை உறுத்துகிறது.

5. நோயாளியின் மொழி

உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றை எந்த மொழியிலும் கற்றுவிடலாம். எலும்பும் நரம்பும் எங்கும் ஒன்றே. மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் நுழையும்போது படிப்பின் தன்மையே மாறுகிறது. அங்கே கற்க வேண்டிய முதல் வித்தை நோய்வரலாறு கேட்பது. எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, நடந்தால் கூடுகிறதா, சாப்பிட்டால் குறைகிறதா என்று கேட்டுக் கேட்டு, நோயாளி மறந்ததையும் மறைத்ததையும் வெளிக்கொணர்வது. நெஞ்சு கரிக்கிறது என்பவருக்கும் நெஞ்சைப் பிசைகிறது என்பவருக்கும் மருத்துவர் மனத்தில் முதலில் எழ வேண்டிய நோய் வேறு வேறு.

குர்ஸ்க்கில் மூச்சு வாங்கப் படுத்திருக்கும் மூதாட்டி ரஷ்ய மொழியில்தான் சொல்வார். திபிலிசியில் ஜார்ஜிய மொழியில். பிஷ்கெக்கில் கிர்கிஸிலோ ரஷ்யத்திலோ. ஆங்கில வழி மாணவர் அங்கே குழுவோடு நிற்கிறார். ஆசிரியர் நோயாளியிடம் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் சுருக்கித் தருகிறார். மாணவருக்குக் கிடைப்பது தேர்ந்து பிரித்த தகவல். எதைக் கேட்பது, எதை விடுவது, எந்தத் தயக்கத்தில் நின்று மீண்டும் கேட்பது என்ற தீர்மானம் முழுவதும் இன்னொருவர் செய்து முடித்தது. அந்தத் தீர்மானத்தைத்தான் அவர் கற்கப் போனார். உள்ளூர் மொழி ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுவது உண்மை. அதை மனமுவந்து கற்று, நோயாளியோடு தாமே உரையாடித் தேர்ந்து வரும் மாணவர்களும் உண்டு; அவர்கள் எந்த நாட்டு வார்டிலும் நிற்கக் கூடியவர்கள். ஆனால் ‘ஆங்கில வழி’ என்று நம்பிச் சேர்ந்தவருக்கு அந்த உழைப்பு அவசியம் என்று சேரும்போது யாரும் சொல்வதில்லை.

ஆணையம் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியபோது கருதியது வகுப்பறையை. வகுப்பு புரிய வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் உள்ளூர் மொழியைக் கற்று, உள்ளூர் மாணவரோடு பயிலும் பழைய வழியை அவ்விதி அடைத்துவிட்டது. நோயாளியோடு நெருங்க விரும்பும் மாணவருக்குச் சட்டத்தின் துணை இல்லை.

நோயின் புவியியலும் சேர்ந்துகொள்கிறது. கட்டுவிரியன் தீண்டி இமை சரிந்து வருபவரையும், பூச்சிமருந்து குடித்து வாயில் நுரை தள்ள வருபவரையும், எலிக்காய்ச்சலில் கண் சிவந்து வருபவரையும் வோல்கா கரையில் பார்ப்பது அரிது. மருத்துவர் இல்லாத இரவில் திருவண்ணாமலையிலோ தேனியிலோ பணியாற்றும் ஹவுஸ் சர்ஜன் அவர்களைத்தான் பார்க்கிறார்.

நோயாளியின் மொழியும் நோயும் பழகியவையாக இருப்பது உதவும் என்பதற்கு ஒரு மறைமுகச் சான்று உண்டு. 2015 முதல் 2018 வரையான தகுதித் தேர்வுகளில் சீனாவில் படித்தோர் தேர்ச்சி ஏறத்தாழ 12 விழுக்காடு, ரஷ்யாவில் படித்தோர் 13. வங்கதேசத்தில் படித்தோர் 27. வங்கதேசத்தில் நம் கல்லூரிகளின் பாடநூல்களே பெரும்பாலும் புழங்குகின்றன. டெங்கு, காசநோய் என்று நோய்களும் நமக்குத் தெரிந்தவை. வங்காளத்திலிருந்து போகும் மாணவருக்கு நோயாளியின் மொழி தாய்மொழி. சேர்க்கைக்கு மதிப்பெண் வரம்பு கடுமையாக இருப்பதால் அங்கே போவோர் ஏற்கெனவே தேர்ந்த மாணவராகவும் இருக்கலாம். எனவே வேறுபாடு முழுவதையும் மொழியின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது.

பிற நாடுகள் வெளிநாட்டு மருத்துவரை எப்படிச் சோதிக்கின்றன என்பதையும் ஒப்பிட வேண்டும். ஜெர்மனியில் உரிமம் கேட்பவர் மருத்துவ மொழித் தேர்வில் நோயாளியாக நடிப்பவரிடம் ஜெர்மன் மொழியில் நோய்வரலாறு கேட்டு, அதை எழுதி, சக மருத்துவரிடம் விளக்க வேண்டும். பிரிட்டனின் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியும் நோயாளியாக நடிப்பவர்களை முன்னிறுத்தி மான்செஸ்டரில் நடக்கிறது. நம் தேர்விலோ 300 வினாவும் கணினித் திரையில். அதில் 30 வினா சமூக மருத்துவம். இந்தியாவின் தேசிய நலத் திட்டங்களை அங்கே எவரும் கற்பிக்காத மாணவர் அதைக் கோச்சிங் மையத்தில் மனப்பாடம் செய்கிறார். இத்தேர்வுக்குப் பதிலாகக் கொண்டுவர நினைத்த நெக்ஸ்ட் தேர்வின் இரண்டாம் படி செய்முறையாக இருக்கும் என்று திட்டமிட்டார்கள். அது தள்ளிக்கொண்டே போகிறது.

6. விழுக்காட்டைப் படிக்கும் முறை

‘ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார்’ என்ற செய்தி ஒவ்வொரு முடிவின்போதும் வருகிறது. அந்த எண் தேர்வெழுதும் முயற்சிகளைக் கணக்கிடுகிறது, ஆட்களை அன்று. மூன்று முறை தவறியவர் மூன்று முறையும் தோல்விப் பக்கத்தில் எண்ணப்படுகிறார். ஒவ்வொரு முறையும் எஞ்சியோரில் 20 விழுக்காட்டினர் தேறுவதாக வைத்துக்கொண்டால், ஐந்து முயற்சிகளுக்குப் பின் நூற்றில் 67 பேர் தேறியிருப்பார்கள். இது கணக்குக்காகச் சொன்ன கற்பிதமே. பின் முயற்சிகளில் விகிதம் மாறக்கூடும். ஆயினும் செய்தித் தலைப்பைக் கொண்டு அயல்நாட்டில் படித்தவரையெல்லாம் தகுதியற்றவர் என்று முத்திரை குத்துவது தவறு. அந்த ஐந்து முயற்சிகளில் கழியும் இரண்டரை ஆண்டை நோயாளி இல்லாமல் கழிக்கிறார்கள் என்பதே கவலைக்குரியது.

7. போரும் பெருந்தொற்றும்

2022 பிப்ரவரி 24இல் உக்ரைன்மீது போர் மூண்டபோது அங்கிருந்த இந்திய மாணவர் ஏறத்தாழ 18,000 பேர். கார்கிவில் உணவு வாங்க வெளியே வந்த கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்ட மாணவர் மார்ச் 1 அன்று குண்டுவீச்சில் இறந்தார். இந்திய அரசின் மீட்பு நடவடிக்கையான ஆபரேஷன் கங்காவில் தமிழ்நாட்டுக்கு மட்டும் சுமார் 1,900 மாணவர் திரும்பினர். சீனாவில் படித்தோர் பெருந்தொற்றால் இரண்டாண்டுக்கும் மேல் திரும்ப முடியாமல் வீட்டுத் திரையில் மருத்துவம் பயின்றனர்.

இறுதி ஆண்டில் தடைபட்டவர்களுக்கு 2023இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒருமுறைச் சலுகையை முன்வைத்தது: இந்தியாவில் தேர்வெழுதித் தேறியபின் ஈராண்டு கட்டாயப் பயிற்சி, முதலாண்டு ஊதியமின்றி. ஊதியம் மறுத்தது கொடுமை. ஆனால் இழந்த வார்டு நாட்களை வார்டில்தான் ஈடுசெய்ய முடியும் என்று அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

8. செய்யத்தக்கவை

முதலாவதாக, ‘ஆங்கிலப் பயிற்றுமொழி’ விதியைத் திருத்தி, வார்டுப் பயிற்சி தொடங்கும்முன் அந்நாட்டு மொழியில் குறிப்பிட்ட நிலைத் தேர்ச்சி வேண்டும் என்று ஆக்கலாம். மாணவர் விரும்பினால் அந்நாட்டு மொழியிலேயே முழுப் படிப்பையும் பயில இடம் வேண்டும். மொழிக்குச் செலவாகும் ஓராண்டைப் பத்தாண்டு வரம்பிலிருந்து விலக்கலாம்.

இரண்டாவதாக, தேர்ச்சி எண்களை நாடுவாரியாகவும் கல்லூரிவாரியாகவும் மட்டுமன்றி, பட்டம் பெற்ற ஆண்டுவாரியாகவும், ஆட்களைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். அப்போது பெற்றோர் ஏஜென்டின் வாக்கை மட்டும் நம்ப வேண்டியிருக்காது.

மூன்றாவதாக, தேர்வில் தேறாதவரும் தேர்வுக்குக் காத்திருப்பவரும் மூத்த மருத்துவரின் கண்காணிப்பில், சிகிச்சைப் பொறுப்பு இல்லாமல், அரசு மருத்துவமனை வார்டுகளில் நோய்வரலாறு எழுதும் பயிற்சி பெற வழி செய்யலாம். தேறியபின் வரும் ஓராண்டுப் பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் பதிவேடு கொடுத்து, தாமே கேட்டு எழுதிய நோய்வரலாறுகள், தாமே பார்த்த பிரசவங்கள், தாமே கவனித்த பாம்புக்கடி, விஷமுறிவு நேர்வுகள் ஆகியவற்றை யூனிட் தலைவர் கையொப்பமிட்டுச் சரிபார்க்க வேண்டும். எந்தப் பிரிவில் பதிவு குறைகிறதோ அந்தப் பிரிவில் மட்டும் பயிற்சியை நீட்டிக்கலாம். நீட்டிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மற்ற ஹவுஸ் சர்ஜனுக்குத் தரும் அதே உதவித்தொகையைத் தர வேண்டும்.