நடுக்கடலில் உடைந்த படகும் பக்கத்துப் படகுக்காரரின் வாளும்

1957 பெப்ரவரி 14ஆம் திகதி, தென் பசிபிக்கில் ஹோர்ன் முனையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'சூ ஹாங்' என்ற 46 அடிப் பாய்மரப் படகை, பின்னாலிருந்து எழுந்த பேரலை ஒன்று தலைகுப்புறப் புரட்டிப்போட்டது. இரண்டு பாய்மரங்களும் சுக்கானும் போயின. மேல்தளத்து அறை அப்படியே பிய்த்துக்கொண்டு போனதால் சுமார் ஆறடிச் சதுரத்தில் ஓட்டை விழுந்து, படகுக்குள் கடல் புகுந்தது. சுக்கான் பிடித்திருந்த பெரில் ஸ்மீட்டன் பாதுகாப்புக் கயிறு அறுந்து கடலில் வீசப்பட்டார். காயத்துடன் நீந்தி வந்தவரைக் கணவர் மைல்ஸும் மூன்றாமவரும் உள்ளே இழுத்தெடுத்தனர்.

அந்த மூன்றாமவர் ஜோன் கஸ்வெல். 'ட்ரெக்கா' என்ற தனது சின்னஞ்சிறு படகைத் தன் கையாலேயே கட்டி, தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டவர். வழியில் ஸ்மீட்டன் தம்பதியுடன் நட்பாகி, தன் படகை நியூசிலாந்தில் விட்டுவிட்டு இவர்களோடு ஏறியிருந்தார். தொழிலால் அவர் தச்சர். படகு மிதந்ததற்கு அதுவே முக்கிய காரணம் என்றால் மிகையில்லை.

முதலில் எல்லோரும் வாளிகளால் தண்ணீர் இறைத்தார்கள். கஸ்வெல் கிடைத்த பலகைகளையும் பாய்த்துணியையும் கொண்டு ஓட்டையை மூடினார். பின்னர் எஞ்சிய மரத்துண்டுகளை இணைத்துத் தற்காலிகப் பாய்மரம் செய்தார். சுக்கானுக்குப் பதிலாக நீண்ட துடுப்பு ஒன்றையும் உருவாக்கினார். சுமார் ஐந்து வாரங்களில் சிலியின் கொரொனெல் துறைமுகத்தை அடைந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி அதற்குப் பிறகு நடந்தது. கஸ்வெல் தன் படகுக்குத் திரும்பிய பின், அதே ஆண்டு டிசெம்பரில் தம்பதியர் மட்டும் மீண்டும் புறப்பட்டனர். படகு மறுபடி புரண்டது, பாய்மரங்கள் மறுபடி போயின. இம்முறை தச்சர் இல்லை. ஆனால் முன்பு அருகிலிருந்து பார்த்ததும் செய்ததும் இருந்தன. இருவருமே ஓட்டைகளை மூடி, பாய்மரம் நட்டு, வல்பரைசோ வரை படகைக் கொண்டுவந்தார்கள். 1968இல் ஹோர்ன் முனையைச் சுற்றியும் வந்தார்கள்.

இன்றும் நெடுந்தூரப் படகோட்டிகளிடையே இதே வழக்கம் தொடர்கிறது, ஆபத்து மட்டும் பெரும்பாலும் சிறியது. பல படகுகள் நங்கூரமிடும் குடாக்களில் காலையில் வீஎச்எஃப் வானொலியில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசுவதுண்டு. "கடல்நீர்ப் பம்பியின் இறப்பர்ச் சில்லு யாரிடமாவது உண்டா?" என்று கேட்டால், ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக் ஒருவர் பக்கத்துப் படகிலிருந்தே பதில் சொல்லக்கூடும். வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வரவழைத்தால் சுங்கத்திலேயே வாரங்கள் கழிந்துவிடும். இந்து சமுத்திரத்தைக் கடக்கையில் காலியிலோ திருகோணமலையிலோ தரித்துச் செல்லும் படகுகளுக்கும் இது பொருந்தும்.

கேட்பதிலும் முறை உண்டு. "என்ஜின் வேலை செய்யவில்லை" என்பது யாருக்கும் உதவாது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா, புகை வருகிறதா, என்ன நிறம், எரிபொருள் வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. வாங்கிய கருவியைத் துடைத்து அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். பயன்படுத்திய உதிரிப்பாகத்துக்குப் பதில் புதியது வாங்கிக் கொடுப்பதே மரியாதை. கூலி கொடுக்க முற்பட்டால் பலர் வாங்கமாட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தால் வருவார்கள்.

நல்ல மனதுடன் வரும் எல்லோருக்கும் வேலை தெரியும் என்றில்லை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, சமையல் எரிவாயுக் குழாய், கரை மின்சார இணைப்பு ஆகியவற்றில் அரைகுறை உதவியை நாசூக்காக மறுப்பதே நல்லது. மற்ற வேலைகளில், உதவ வந்தவரிடம் ஸ்பேனரை முழுவதுமாகக் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போகாமல், அவர் சொல்லச் சொல்ல உரிமையாளரே கழற்றிப் பூட்ட வேண்டும். அடுத்த முறை அந்தப் பம்பி பழுதாகும்போது கரையும் தெரியாது, பக்கத்துப் படகும் இருக்காது.