மழைக்காலப் பூக்களைத் தேடிய சர்ஜனும், நாம் மறந்துபோன இரண்டு ஓவியர்களும்



ஜூன் மாசம் தென்மேற்குப் பருவமழை பிடிச்சதும் நீலகிரி, வால்பாறை பக்கமெல்லாம் கேமராவோட ஒரு கூட்டம் கிளம்பும். புலி, யானை பார்க்க இல்லைங்க. விரல் நுனி அளவு பூக்களைப் பார்க்க.

அதுல முக்கியமானது காட்டுக் காசித்தும்பைகள். நம்ம வீட்டு வாசல்ல வளர்ற காசித்தும்பையோட சொந்தக்காரங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் நூறு வகைக்கு மேல் இருக்கு. பல வகைகள் உலகத்துல வேறெங்கும் கிடையாது.

சரி, டாக்டர் எதுக்கு பூவைப் பத்திப் பேசறார்னு கேட்கறீங்களா?

இந்தப் பூக்களைத் தேடி எழுதி வைத்தவர்களில் பலர் டாக்டர்கள் என்பதுதான் காரணம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருந்து என்றாலே பெரும்பாலும் செடிதான். வேர், பட்டை, விதை. அதனால் மருத்துவம் படிக்கிறவர்கள் தாவரவியலும் படித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன்கள் இங்கே வந்ததும் நம் ஊர்ச் செடிகளை ஆராய்ந்தார்கள். வைட்லா ஐன்ஸ்லி என்ற மதராஸ் சர்ஜன் இங்கே புழங்கிய மருந்துகளைத் தொகுத்து 1813-லேயே புத்தகம் போட்டுவிட்டார்.

அந்த வரிசையில் வந்தவர்தான் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் மருத்துவம் முடித்து, 1819-ல் கம்பெனி மருத்துவராக இந்தியா வந்தார்.

1826-ல் மதராஸ் அரசு அவரை இயற்கை ஆய்வாளர் பதவியில் வைத்தது. இரண்டே வருடத்தில் அந்தப் பதவியையே ரத்து செய்தது. நாகப்பட்டினத்துக்கு சர்ஜனாக மாற்றினார்கள்.

டிரான்ஸ்பர் வாங்கின அரசு டாக்டர்களுக்கு அந்த வலி புரியும் 🙂

மனுஷன் சும்மா இருக்கவில்லை. வேலைக்கு நடுவே செடி சேகரித்தார். 1831-ல் விடுப்பில் ஊருக்குப் போனபோது கப்பலில் கொண்டுபோனது சுமார் ஒரு லட்சம் உலர்செடி மாதிரிகள்! அதில் பெரும்பங்கு அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த நம்மூர் ஆட்கள் காடு மேடு அலைந்து கொண்டுவந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது.

பெரும்பாலான செடிகளைத் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்தால் நூறு வருடம் கழித்தும் அடையாளம் காணலாம். காசித்தும்பை அப்படி இல்லை. உடம்பெல்லாம் நீர். இதழோ ஈர டிஷ்யூ பேப்பர் மாதிரி. காய்ந்ததும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நிறம் போய், வடிவமும் போய்விடும்.

லண்டன் கியூ தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் எவ்வளவு பெரிய தாவரவியலாளர்! 1911-ல் 94 வயதில் இறக்கும் காலம் வரை காசித்தும்பைகளோடுதான் மல்லுக்கட்டினார். அவர் கையில் இருந்ததும் பெரும்பாலும் காய்ந்த மாதிரிகள்தான்.

அப்படியென்றால் இந்தப் பூவை எப்படிப் பதிவு செய்வது? வாடுவதற்கு முன் வரைந்தால்தான் உண்டு.

வைட்டுக்காக வரைந்தவர்கள் இருவர். முதலில் ரங்கையா. 1840-களின் நடுவிலிருந்து கோவிந்து. இருவரும் நம் தென்னிந்திய ஓவியர்கள்.

1838 முதல் 1853 வரை வைட் மதராஸில் அச்சிட்டு வெளியிட்ட 'ஐகோனெஸ்' நூலில் மொத்தம் 2101 படங்கள். பல படங்களின் ஓரத்தில் ரங்கையா, கோவிந்து பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும்.

அந்தப் படங்களைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். முழுக் கிளை ஒரு பக்கம். கீழே பூவை அக்கக்காகப் பிரித்து, இதழ், மகரந்தப் பை, சூலகம் என்று பெரிதாக்கி வரைந்திருப்பார்கள். அனாடமி புத்தகம் மாதிரி!

வைட் பெயரிட்ட ஒரு காசித்தும்பை, 'இம்பேஷன்ஸ் ஜெர்டோனியே'. ஜெர்டன் என்ற இன்னொரு மதராஸ் டாக்டரின் மனைவி பெயரில் வைத்தது. சோலைக்காட்டில் பாசி படர்ந்த மரக்கிளையில்தான் இது வளரும். கோடையில் இலையுதிர்ந்து வெறும் தடித்த தண்டாகக் கிடக்கும். மழை வந்ததும் சிவப்புப் பை மாதிரி, மேலே மஞ்சளும் பச்சையுமாகப் பூ தொங்கும்.

கோவிந்துவின் பெயரையும் ஓர் ஆர்கிட் இனத்துக்கு 'கோவிந்தூயா' என்று வைட் சூட்டினார். அது பின்னாளில் வேறொரு இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆக அந்தப் பெயரும் இன்று புழக்கத்தில் இல்லை.

வைட் பெயர் எத்தனையோ செடிகளில் இருக்கிறது. அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் இருந்த இருவரைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கிறோமா?

இன்று நம் எல்லோர் பையிலும் கேமரா இருக்கிறது. ரங்கையா செய்த வேலையை நாமும் செய்யலாம். ஆனால் அவர் மாதிரியே செய்யணும்.

👉 பூவை முன்பக்கம் மட்டும் எடுத்தால் பத்தாது. பக்கவாட்டிலும் எடுங்க. பின்னால் வால் மாதிரி நீளும் பகுதியை வைத்துத்தான் பல வகைகளைப் பிரித்துச் சொல்வார்கள். இலை, தண்டு, முழுச் செடி, அது எதன்மேல் வளர்கிறது என்பதும் வேணும்.

👉 பறிக்காதீங்க. போட்டோவுக்காகப் பாசியைச் சுரண்டாதீங்க. அந்தப் பாசிதான் அதற்கு மண், தண்ணீர் எல்லாம்.

👉 அரிய பூ என்றால் சரியான இடத்தைப் பொதுவெளியில் போடாதீங்க. மலைப் பெயரோடு நிறுத்திக்கலாம். ஒரு மரத்தைச் சுற்றி ஐம்பது பேர் மிதித்தால் அடுத்த மழைக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

👉 காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது.

👉 அட்டை கடித்தால் பயம் வேண்டாம். நகத்தால் மெல்லத் தள்ளி எடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்க. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். அழுத்திப் பிடிச்சா நின்னுடும்.

👉 வழிகாட்டியாக வரும் உள்ளூர்க்காரர் பூவைக் காட்டிக் கொடுத்தால், அவர் சம்மதித்தால், படத்துக்குக் கீழே அவர் பெயரையும் போடுங்க. ரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும் ஓரத்தில் பொடி எழுத்தாவது கிடைத்தது. வைட்டுக்காகக் காட்டில் அலைந்த பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.