பெரட்டுக் களத்தில் ‘பிளடி’

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் என் பாட்டி காலத்தவர்கள் முதலில் கற்ற ஆங்கிலச் சொற்களில் ‘பிளடி’யும் ஒன்று. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது காதில் விழுந்து விழுந்தே பதிந்தது.

அந்தப் பகுதியில் ஜே. ஏ. ரஸல் 1929இல் போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்த ஏ. பி. மில்ன், சிலோனில் தேயிலை பார்த்துப் பழகியவர். அந்தச் சிலோனில்தான் சின்னத்துரைகள் எனப்பட்ட உதவி மேலாளர்களுக்கென்று ஒரு தமிழ்க் கையேடு அச்சானது. அதன் பெயரே ‘இங்கே வா’. தொழிலாளியோடு பேச அவ்வளவு தமிழ் போதும் என்று நினைத்தார்கள். தமிழ் போதாத இடத்தில் ‘பிளடி’ வந்தது.

இங்கிலாந்தில் அந்தப் பெயரடைக்கு வேறு வாழ்க்கை. 1914இல் லண்டன் மேடையில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பூக்காரப் பெண் அதை உச்சரித்ததும் அரங்கம் நெடுநேரம் சிரித்தது, பத்திரிகைகள் பரபரத்தன. நாகரிகமானவர்கள் வாயில் வரக்கூடாத சொல்தான். ஆனாலும் தெருவில் அது மழையின்மேலும் வராத ரயிலின்மேலும் விழும் வெறும் எரிச்சல். தோட்டத்தில் அதை ஆள்மேல் ஒட்டினார்கள்: ‘பிளடி ஃபூல்’, ‘பிளடி கூலி’. கேட்டவர் வாய் திறந்தால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடைக்காது.

துரையிடம் வாங்கியதைக் கணக்கரான கிராணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் இறக்குவார். மண்டோர் அதைக் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணிடம் இறக்குவார். “தொரை சொன்னா அவன் பாஷைன்னு விட்டுடலாம். நம்மாளு சொன்னாத்தான் வயிறு எரியும்” என்பார் பாட்டி. அவர் வாயிலும் அந்தச் சொல் வந்ததுண்டு, கொழுந்தை நனைத்து நிறுவையைக் கெடுக்கும் மழைமேல் மட்டும்.

தோட்டத் தமிழர் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டே கிடந்தார்கள் என்று எழுதுபவர்களை என்னால் ஏற்க முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கோரிக்கைகளில் கூலி மட்டுமா இருந்தது? துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் ஊழியர்களை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். ஐரோப்பியரும், ‘கறுப்பு ஐரோப்பியர்’ எனப்பட்ட ஆசிய ஊழியர்களும் எங்கள் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். வசைச்சொல்லுக்கென்று தனி வரி இல்லை. ‘கொடுமை’ என்பதற்குள் அதுவும் அடக்கம் என்றே நான் படிக்கிறேன்.

பிரிட்டிஷ் காலனி அரசு வேலைநிறுத்தக்காரர்களின் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. தோட்டங்களுக்குப் படை வந்தது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.